பால்கட்டு

அழுக்குக் கூடையில் கிடந்த பனியனில் எறும்பு மொய்த்திருந்தது.

புஷ்பா அதை ஒரு குச்சியால் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். பொடி எறும்புகள். பனியன் முழுக்க இல்லை. மார்புப் பக்கம் இரண்டே இடத்தில், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, பழைய எட்டணா அளவுக்கு வட்டமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெளிந்துகொண்டிருந்தன.

"என்னங்க இது, பாயசம் எதுவும் கொட்டிக்கிட்டீங்களா?"

"கேன்டீன்ல டீ சிந்திருச்சு."

"சொல்லி வெச்சாப்ல ரெண்டு பக்கமும் சிந்துச்சாக்கும்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பனியனைக் குழாயடியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். ஜம்புநாதன் சிரிக்கவில்லை. முந்தைய நாள் அவன் டீயே குடித்திருக்கவில்லை.

அது 2006ஆம் வருடம், மே மாதம். ஜம்புநாதனுக்கு முப்பத்தாறு வயது. லால்குடிக்காரன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஊரில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவனை, ஸ்ரீரங்கத்துக்காரரான வரதராஜன், தான் மேனேஜராக இருந்த மருந்து கம்பெனிக்கு அழைத்துக்கொண்டார். கம்பெனி சனத்நகர் பக்கம். வீடு செகந்திராபாத்தில், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டி ஒரு சந்தில் மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரம்மா கனகம் இருந்தாள். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போட வந்த தமிழ்க் குடும்பம் அவளுடையது.

ஜம்புநாதன் வேலை பார்த்த இடத்துக்கு பவுடர் ரூம் என்று பெயர். ஜன்னல் இல்லாத வெள்ளை அறை. கட்டியாகக் காய்ந்து வரும் மருந்தை அரைத்து, சலித்து, டிரம்மில் நிரப்பி மூட வேண்டும். பெண்களுக்கான ஹார்மோன் மருந்து. ஒரு கடுகை நூறாக உடைத்து அதில் ஒரு துணுக்கை எடுத்தால் ஒரு மாத்திரைக்குப் போதும். அவன் ஒரு ஷிப்டுக்கு நான்கு கிலோ சலித்தான். சேர்ந்த புதிதில் தலையிலிருந்து கால்வரை மூடும் உடுப்பும், உள்ளே காற்று அனுப்பும் குழாயும் இருந்தன. குழாய் கிழிந்தது. புதிது வரும் என்றார்கள். அதுவரைக்கும் என்று துணி மாஸ்க் கொடுத்தார்கள். பிறகு கம்பெனிக்குள் இருந்த சலவை அறையை மூடி அங்கே டிரம் அடுக்கினார்கள். யூனிபாரத்தை அவரவர் வீட்டில் துவைத்துக்கொள்ளும்படி ஆனது. நான்கு வருடமாக புஷ்பாதான் துவைத்தாள். ஊற வைப்பதற்கு முன் மொட்டை மாடியில் நின்று உதறுவாள். வெயிலில் ஒரு மெல்லிய வெண்புகை எழுந்து அவள் முகத்தைச் சுற்றும். "மாவு மில்லுக்காரன் பொண்டாட்டி ஆயிட்டேன்" என்று மூக்கைத் துடைத்துக்கொள்வாள்.

பெண்களை அந்த அறைக்குள் விடமாட்டார்கள். கம்பெனியின் தெலுங்குப் பையன்கள் அதற்கு 'அம்மகதி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அம்மாவின் அறை. அதைச் சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அவனுக்கு முன்னால் அங்கே இருந்த செல்லப்பா எப்போதும் இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டுதான் நடப்பார். ரொம்ப மரியாதைக்காரர் என்று ஜம்புநாதன் நினைத்திருந்தான்.

அன்று மத்தியானம் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றினான். சில மாதங்களாகவே சட்டைத்துணி உரசினால் வலித்தது. காம்புகளுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஏதோ உருண்டது. உடம்பு போடுகிறது, வயசாகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி டாக்டர் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று எழுதிக்கொண்டு போவார். இப்போது கண்ணாடியில் தெரிந்தது அவன் உடம்பாக இல்லை. தொட்டான். விரல் நுனியில் பசை. வெள்ளை. முகர்ந்தான்.

அந்த வாசனை அவனுக்குத் தெரியும்.

மூன்று வருடம் முன்பு புஷ்பாவுக்கு ஏழாம் மாதத்தில் ஒரு ஆண் குழந்தை செத்துப் பிறந்தது. குழந்தை செத்தது அவள் உடம்புக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் பால் இறங்கிவிட்டது. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகி, காய்ச்சலில் பிதற்றினாள். மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினால் வற்றும் என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். ஜம்புநாதன் தினமும் மோண்டா மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பந்து பூ வாங்கி வந்தான். அந்த ஆஸ்பத்திரி அறையில் வாடிய மல்லியும் புளித்த பாலும் கலந்து வீசிய வாசனை, துவைத்த துணியிலிருந்தும் பல வாரம் போகவில்லை.

அதற்குப் பிறகு அவள் உண்டாகவில்லை. தூரம் கணக்கில்லாமல் வந்தது. சில மாதம் வராது. வந்தால் இருபது நாள் நிற்காது. புருஷனையும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொன்னாள் டாக்டரம்மா. ஜம்புநாதன் தெரிந்தவர்கள் கண்ணில் படாமலிருக்கத் திருமுல்கேரியில் ஒரு லேபுக்குப் போனான். ரிப்போர்ட்டில் ஒரு பூஜ்யம் இருந்தது. திரும்பும்போது அதை நான்காகக் கிழித்து பஸ் ஜன்னல் வழியே விட்டான். "எனக்கு ஒண்ணும் இல்லையாம்" என்று வீட்டில் சொன்னான். அதன்பிறகு ஊசியும் மாத்திரையும் விரதமும் எல்லாம் புஷ்பாவுக்குத்தான்.

ஜூன் இரண்டாம் வாரம் கீழ் வீட்டுக்குக் குழந்தை வந்தது.

கனகத்தின் மகள் ஹர்ஷிதா பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். புருஷன் சாய்கிருஷ்ணா மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த அன்றைக்கே கனகம் படியில் நின்று, உருது கலந்த தன் தமிழில் கத்திச் சொன்னாள்:

"தம்பி, மேல தொம்மு தொம்முன்னு நடக்க நக்கோ. பாப்பா தூங்குறா. ஹவ்? சரியா?"

அன்று சாயங்காலம் ஏழு மணி இருக்கும். ஜம்புநாதன் தரையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். கீழேயிருந்து சாம்பிராணிப் புகை ஜன்னல் வழியாக ஏறி வந்து கொடியில் கிடந்த துணிகளுக்குள் புகுந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் வசம்பு கருகும் வாசனை, அதற்கும் பின்னால் எங்கோ யார்டில் பெட்டிகளை இழுத்துக் கோக்கும் இன்ஜினின் முனகல். இவை எல்லாவற்றுக்கும் அடியில், சரியாக அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே, கூரையில் மாட்டிய தூளியின் கொக்கி கிறீச்சிடுவதும் நிற்பதும் மறுபடி கிறீச்சிடுவதுமாக, தரையின் வழியே அவன் தொடை எலும்புக்குள் வந்துகொண்டிருந்தது. கொக்கி நின்றது. குழந்தை அழுதது.

மார்புக்குள் ஆயிரம் ஊசி ஒன்றாக இறங்கியது.

அவன் குனிந்து பார்த்தான். சட்டையில் இரண்டு ஈர வட்டங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதாயின. குழந்தை மூச்சுவிட நிறுத்தியபோது அவையும் நின்றன. அது மறுபடி வீறிட்டதும் சட்டை வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

"காப்பி போடட்டுமா?" என்று சமையலறையிலிருந்து புஷ்பா கேட்டாள். பேப்பரை மார்போடு அணைத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினான்.

அன்றிலிருந்து காது அவன் சொன்னபடி கேட்கவில்லை. அந்த அழுகையை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் சுளுக்குக்குக் கட்டும் பட்டை இரண்டு சுருள் வாங்கி, மூச்சு முட்ட இறுக்கிக் கட்டி, அதன்மேல் பனியன், அதன்மேல் சட்டை போட்டான். அந்தப் புழுக்கத்திலும் சட்டையோடு படுத்தான். புஷ்பா தன்மேல் வெறுப்பு என்று நினைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒருநாள் சனத்நகர் பஸ்ஸில், இரண்டு சீட் தள்ளி ஏதோ ஒரு தாயின் மடியில் ஒரு குழந்தை சிணுங்கியது. டிபன் பையை மார்பில் அழுத்திக்கொண்டு அடுத்த ஸ்டாப்பிலேயே குதித்து இறங்கினான். பவுடர் ரூமுக்குள் அந்த பயம் இருக்காது என்று நம்பினான். சலிக்கும் மிஷினின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. ஆனால் இரண்டாவது வாரம் அந்த இரைச்சலுக்குள்ளேயே கேட்கத் தொடங்கியது. மெல்லியதாக. பசியோடு. மிஷினை நிறுத்தினால் நின்றது. போட்டால் அழுதது. வெண்பொடி பறக்கும் அறை நடுவில் அவன் நின்றுகொண்டிருக்க, பட்டைக்குள் சூடாக ஊறி வழிந்தது.

வேறு வழியில்லாமல் வரதராஜனிடம் போனான்.

வரதராஜன் அறைக்கதவைச் சாத்திவிட்டு, "காட்டுங்கோ" என்றார். பார்த்தார். முகம் மாறவில்லை. எழுந்து வந்து மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டே பார்த்தார்.

"செல்லப்பாவுக்கு வீக்கம் மட்டும்தான் வந்தது. ஆபரேஷன் பண்ணி அனுப்பிச்சோம். பால் வரலையே. இது புதுசா இருக்கே ஜம்பு."

"சார், அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"எதுக்குப் பொம்மனாட்டிகளை உள்ள விடறதில்லைன்னு நீங்க ஒருநாளும் கேட்டதில்லையே. கெமிஸ்ட்ரி படிச்சவர்தானே?"

மேஜை டிராயரிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து நீட்டினார். பவுடர் சாம்பிள் எடுக்கும் அதே குப்பி. லேபிள் ஒட்டியிருந்தது.

"கொஞ்சம் எடுத்துக் குடுங்கோ. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

ஏசி முனகியது. வரதராஜன் ஜன்னலைப் பார்த்தபடி, பிள்ளையின் இன்ஜினியரிங் அட்மிஷன் பற்றி போனில் யாரிடமோ பேசினார். ஜம்புநாதன் மூலையில் சுவரைப் பார்த்து நின்று, அந்தக் குப்பியை நிரப்பினான்.

மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டார். குரலில் உற்சாகம் இருந்தது.

"ஒவ்வொரு தடவையும் எடை குறையறது, பவுடர் எங்க போறதுன்னு மேலிடத்துல குடைஞ்சிண்டே இருந்தா. இப்போன்னா தெரியறது! ரெண்டு ஸ்பூன்ல ஒரு மாத்திரை அளவு இருக்கு."

ஜம்புநாதன் மேஜைப் பக்கம் குனிந்தான். "பச்சக் குழந்தை குடிச்சா என்ன ஆகும் சார்?"

வரதராஜன் பேப்பரிலிருந்து நிமிர்ந்தார். "எந்தக் குழந்தை? உங்களுக்குத்தான் இல்லையே."

பிறகு, ஆகஸ்டில் ஆர்டர் போனதும் வேறு செக்‌ஷனுக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். அதுவரை வேறு ஆள் கிடையாது என்றும் சொன்னார்.

மறுநாள் ஜம்புநாதன் மல்லிகை வாங்கினான்.

மோண்டா மார்க்கெட்டில் அதே இடத்தில் பூ கட்டும் அதே பெண் இருந்தாள். அவனுக்கு அவளைத் தெரிந்தது. ரயில்வே பாலத்துக்குக் கீழே இருந்த கட்டணக் கழிப்பறைக்குள் போய், சரத்தை இரண்டாக அறுத்து, இரண்டு பக்கமும் வைத்து மேலே பட்டையைச் சுற்றினான். குளிர்ச்சியாக இருந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் நசுங்கிச் சூடாகிவிட்டது. வற்றவில்லை. பத்து நாள் கட்டினான். தூளிக் கொக்கி கிறீச்சிட்டது. குழந்தை அழுதது. ஊறியது.

பதினோராம் நாள் வேலை முடிந்து வந்தபோது புஷ்பா வாசற்படிக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பழுப்பேறி நசுங்கிய மல்லி இதழ்கள்.

"யாருங்க அவ?"

"எவ?"

"எவளுக்குப் பூ வாங்குறீங்களோ, அவ. தெனமும் உங்க பனியன்ல ஒட்டிக்கிட்டு வருது. எத்தனை நாளுக்குத் தெரியாத மாதிரியே தொவைக்கிறது?"

ஜம்புநாதன் கதவைச் சாத்தினான். சட்டைப் பொத்தானை அவிழ்த்தான். பனியனைத் தலைவழியே உருவினான். பட்டையின் முடிச்சைப் பிடித்து இழுத்தான். அவிழ்ந்தது. பூக்கள் ஈரத்தோடு தரையில் விழுந்தன.

புஷ்பா அலறவில்லை. எழுந்து கிட்டே வந்தாள். சோறு வெந்துவிட்டதா என்று பதம் பார்ப்பதுபோல ஒரு விரலால் அழுத்தினாள். ஒரு துளி திரண்டு வயிற்றில் வழிந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

"எப்போலேருந்து?"

எல்லாவற்றையும் சொன்னான். பொடியைச் சொன்னான். அவள் உதறித் துவைத்த யூனிபாரத்தைச் சொன்னான். அவள் உடம்பு கெட்டதும் அதனால்தான் இருக்கும், பிள்ளை செத்ததும் அதனால்தான் இருக்கும் என்றான். குப்பியில் எடுத்துப் போய்ப் பரிசோதித்ததைச் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம். திருமுல்கேரி ரிப்போர்ட்டையும் சொல்லிவிட்டான்.

கீழே தூளியின் கொக்கி கிறீச்சிட்டது.

"உங்க தங்கச்சி ரம்யா வளைகாப்புல உங்கம்மா என்னைய எழுப்பி, பின்னாடி போய் உக்காருன்னாங்க. கையில வளையல் தட்டோட நின்னேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"ஆமா."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவள் தலையாட்டினாள். "எனக்குப் பதினோரு நாள் வந்துச்சு. குடிக்க ஆளில்ல."

விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுப்பை அணைக்கப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. அதுதான் ஜம்புநாதனுக்கு பயமாக இருந்தது. காலையில் கீழே போய்க் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி விட்டு வந்தாள். "புஷ்பா கை பட்டா பாப்பா அழுவறதே இல்ல. நம்ம ஹர்ஷிக்கு ஒண்ணும் தெரியல" என்று கனகம் சந்து முழுக்கச் சொன்னாள். மேலே வரும்போது அவள் மேலிருந்து குழந்தை வாசனை வந்தது. அது போதுமாக இருந்தது. அழுகைகூட வேண்டியதில்லை. அவள் பக்கத்தில் நடந்துபோனாலே அவன் சட்டை நனைந்தது. அவள் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போனாள்.

ஒருநாள் பட்டைச் சுருள்களைக் காணவில்லை. கேட்டதற்கு, "எரிச்சுட்டேன்" என்றாள்.

பேசாத வீட்டில் சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது. திங்கட்கிழமை பூண்டுக் குழம்பு. உரித்த பூண்டு தட்டு நிறைய மிதந்தது. செவ்வாய்க்கிழமை முருங்கைக்கீரையும் வெந்தயக் கஞ்சியும். புதன்கிழமை எங்கே தேடிப் பிடித்தாளோ, சுறா வாங்கிப் புட்டு செய்திருந்தாள். அவன் குற்றம் செய்தவனாகக் குனிந்த தலையோடு, அவள் வைத்ததையெல்லாம் தின்றான். "இன்னுங் கொஞ்சம்" என்று வைத்தாள். வியாழக்கிழமை மறுபடி பூண்டு. முதல் கவளம் தொண்டையில் இறங்கும்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. லால்குடியில் அக்கா பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது அம்மா இதே வரிசையில்தான் சமைத்துப் போட்டாள்.

பிள்ளை பெற்றவளுக்கு. பால் ஊறுவதற்கு.

நிமிர்ந்து பார்த்தான். புஷ்பா எதிரில் உட்கார்ந்து அவன் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடுங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனாலு, அம்மனுக்குப் பானை சுமக்கும் திருவிழா. செகந்திராபாத் முழுக்க டப்பு மேளம் முழங்கியது. காலையிலிருந்தே சந்து வழியாகப் பெண்கள் மஞ்சள் பூசிய பானையைத் தலையில் வைத்து, மேலே விளக்கேற்றி, வேப்பிலை செருகிக்கொண்டு வரிசையாக அம்மன் கோயிலுக்குப் போனார்கள். ஜம்புநாதன் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். கனகம் பானையோடு போவது தெரிந்தது. பின்னால் சாய்கிருஷ்ணா. அவனுக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையில் ஹர்ஷிதா. ஹர்ஷிதாவின் கையில் குழந்தை இல்லை.

படியில் காலடி கேட்டது.

புஷ்பா உள்ளே வந்தாள். தோளில் ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலம். கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள்.

"கூட்டத்துல பிள்ளை எதுக்கு, நான் பாத்துக்கறேன்னேன். ரொம்ப சந்தோஷம் அவளுக்கு."

"பசிக்குதோ என்னவோ. கீழ பால் பாட்டில் இருக்கும்ல."

"வெச்சுட்டுத்தான் போனா. கொட்டிட்டேன்."

வெளியே டப்புச் சத்தம் சந்து முனையில் திரும்பியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. புஷ்பா ஜன்னலையும் சாத்தினாள். அறைக்குள் வேப்பிலையும் கற்பூரமும் குழந்தையின் எண்ணெய்த் தலையும் மணத்தன.

"சட்டையக் கழட்டுங்க."

"வேண்டாம் புஷ்பா. இது பால் இல்ல. மருந்து. டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு, சொன்னேன்ல. ரெண்டு ஸ்பூனுக்கு ஒரு மாத்திரை. பெரிய பொம்பளை சாப்பிடற மாத்திரை. ஒன்றரை மாசக் குழந்தை அது."

"துணி தொவைச்சப்ப எனக்கு யாரும் சொல்லலியே."

"பொம்பளைப் பிள்ளை. அது உடம்பு என்னாகும்னு யாருக்கும் தெரியாது. பின்னாடி அதுக்கு..."

"என் பிள்ளைக்குப் பின்னாடியே இல்லாம போச்சு."

குழந்தை அழத் தொடங்கியது.

ஊசிகள். அவன் சுவரோடு சாய்ந்தான். சட்டை நனைந்தது. வயிறு நனைந்தது. வேட்டி நுனியில் சொட்டியது. புஷ்பா அவன் தோளைப் பிடித்து அழுத்தினாள். தரையில் உட்கார்ந்தான். அவள் பொத்தான்களை அவிழ்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. பொறுமையாக. அவன் அவளைத் தள்ளியிருக்கலாம். அவளைவிடப் பலம் அவனுக்கு. தள்ளவில்லை. கை வரவில்லை. அவள் குழந்தையை அவன் மடியில் கிடத்தினாள். கனமே இல்லை. சூடு. சிவந்த முகம். மூடிய கண். திறந்த வாய். அந்த வாய் இப்படியும் அப்படியும் தேடியது. மூக்கு அவன் தோலில் உரசியது.

கவ்வியது.

அழுகை நின்றது.

பல வாரமாகக் கல்லாக இருந்தது கரைந்தது. பின்னங்கழுத்தில் இருந்த வலி கழன்றது. கண்ணில் நீர் வந்தது. இப்படி ஒரு நிம்மதியை அவன் அறிந்ததில்லை. குழந்தையின் தொண்டை ஏறி இறங்கியது. க்ளுக். க்ளுக். ஒரு ஸ்பூன் இருக்கும். இரண்டு. அவனால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. நான்கு. ஆறு.

"போதும்" என்றான். யாரிடம் என்று தெரியவில்லை.

புஷ்பா குனிந்து, குழந்தையை மெல்ல விலக்கி, வாயோரத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். பிறகு மறுபக்கத்தில் வைத்தாள்.

கீழே கேட் திறந்தது. டப்புச் சத்தம் தூரத்தில் போயிருந்தது. "புஷ்பக்கா!" ஹர்ஷிதாவின் குரல். "பாப ஏடுஸ்தோந்தா? பாப்பா அழுதாளா?" படியில் கொலுசு. ஏறி வந்தது. கதவைத் தட்டினாள். "அக்கா?" மறுபடி தட்டினாள். வேகமாக. கனகம் கீழிருந்து கத்தினாள். "கைக்கூ? எதுக்குக் கதவ மூடி வெச்சிருக்கே?" சாய்கிருஷ்ணாவின் செருப்புச் சத்தம் படியேறியது. தாழ்ப்பாள் ஆடியது.

புஷ்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, பார்த்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் முகம் தெளிந்திருந்தது.

குழந்தை கண்ணைத் திறந்தது. கறுத்த, பளபளப்பான கண். அது ஜம்புநாதனை நேராகப் பார்த்தபடி குடித்தது. க்ளுக். க்ளுக். கதவு அதிர்ந்தது. இப்போது பிடுங்கிவிட வேண்டும். இப்போது. கையைத் தூக்கினான். அந்தக் கை தானாக இறங்கி, குழந்தையின் பிடரியைத் தாங்கி, வாய் நழுவிவிடாமல், தன் மார்போடு இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டது.